அபூதாஹிரின் கீழ்த்தாடை

கிண்ணியாவில் மீன் ஏலம் கூறும் அபூதாஹிருக்கு அவருடைய வாய்தான் தோணியும் வலையும். அந்த வாயோடு காலமெல்லாம் மல்லுக்கட்டியவள் அவர் மனைவி நபீஸா. "ஒங்கட மனிசன்ட சத்தம் பள்ளிவாசலடி மட்டும் கேக்குதே" என்று யாராவது புகழ்ந்தால், "நீங்க குடுத்து வச்சவங்க, தூரத்தில நிண்டு கேக்கிறீங்க" என்பாள்.

அவர் சொல்வதில் பாதியைக் கழித்துவிட்டு, மிச்சத்தையும் நாலு நாள் வெயிலில் காயவைத்த பிறகுதான் நம்பலாம் என்பது நபீஸாவின் அனுபவம். வாலிபத்தில் அவர் பிடித்த ஒரு சுறா ஒவ்வொரு நோன்புக்கும் ஒரு முழம் வளர்ந்துகொண்டே வந்தது. ஒரு வருசம் அது தோணியைவிட நீளமாகிவிட்டது. "அப்ப அதுதான் ஒங்கள முதுகில ஏத்திக் கரைக்குக் கொண்டு வந்ததாக்கும்" என்றாள். அவர் கோபிக்கவில்லை. அடுத்த நோன்புக்கு அதையும் கதையில் சேர்த்துக்கொண்டார்.

ஆனால் ஏலம் கூறுவதில் மனிசனைக் குறை சொல்ல முடியாது. விடியும்போது தோணிகள் வந்து மீனைக் குவித்தால், கால்சட்டைக்காரரும் சாரன்காரரும் கூலர் லொறிக்காரரும் சூழ்ந்து நிற்க, அவர் குரல் எடுத்தாரென்றால் காகம்கூடச் சற்று ஒதுங்கிப் போகும். அந்தத் துறையில் ஒரு வழக்கம் இருந்தது. "ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம்" என்று மூன்றையும் கூறுபவர் வாய் நிறையச் சொல்லி முடித்தால்தான் மீன் கைமாறும். மூன்றாவது தரம் சபையின் காதில் விழாவிட்டால் விற்றது விற்றதாகாது, யாரும் கூட்டிக் கேட்கலாம். எழுத்தும் கிடையாது, கையொப்பமும் கிடையாது, அபூதாஹிரின் வாய்தான் எல்லாம்.

அந்த வாயில்தான் ஒரு பல்லும் இருக்கவில்லை. மேல்வரிசைக் கட்டுப்பல் அண்ணத்தில் ஒட்டிக்கொண்டு ஒருவாறு மரியாதையாக இருந்தது. கீழ்வரிசை அப்படியில்லை. முரசு என்கிற ஈறு தேய்ந்து வழுவழுத்துப் போயிருந்ததால், அவர் 'ஆ' என்றால் அது எழும்பி நின்றது, 'ஊ' என்றால் முன்னுக்கு வந்து எட்டிப் பார்த்தது. சாப்பிடும்போது அதைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார். கட்டுப்பல் வைப்பது அழகுக்கு, சாப்பிடுவதற்கில்லை என்பது அவருடைய விளக்கம்.

ஒரு வெள்ளிக்கிழமை அறக்குளா மீன் குவியல் ஒன்றுக்கு நல்ல விலை ஏறியிருந்தது. "ஒரு தரம், ரெண்டு தரம், மூணு" என்று அவர் வாயைத் திறந்தார். தரம் வரவேண்டிய இடத்தில் பல் வந்தது. மீனுக்குள் விழுந்த பல்லைத் தேடி எடுத்துக் கழுவி மாட்டுவதற்குள் வேறொருவன் கூட்டிக் கேட்டுவிட்டான். முதலில் கேட்டவன் மீன் தனக்கென்று குவியலின் மேலேயே ஏறி நின்றான். அதன் பிறகு துறையில் நடந்ததை ஏலம் என்று சொல்ல முடியாது. சண்டை ஓய்ந்தபோது மீன் பழுதாகியிருந்தது.

தோணிக்காரர்கள் கூடிப் பேசினார்கள். "அபூதாஹிர் காக்கா, ஹஜ்ஜுப் பெருநாளுக்குள்ள பல்லுக்கு ஒரு வழி பாருங்க. இல்லாட்டி முனாப் கூறட்டும்" என்று பணிவாகத்தான் சொன்னார்கள். முனாப் என்பவன் துறையில் மீன் நிறுக்கிற வாலிபன். "அவனுக்கு என்ன தகுதி இரிக்கி? வாய் நிறையப் பல்லு இரிக்கி, அவ்வளவுதானே" என்று அபூதாஹிர் வீட்டுக்கு வந்து சொன்னார். பிறகு வாயை மூடிக்கொண்டு கதிரையில் உட்கார்ந்தார். இரண்டு நாளாக எந்தக் கதையும் சொல்லவில்லை. புளுகாத அபூதாஹிரை நபீஸாவுக்குப் பழக்கமில்லை. ஏலத்தை எடுத்துவிட்டால் இந்த மனிசனில் என்ன மிஞ்சும் என்று நினைக்க அவளுக்குப் பயமாக இருந்தது. "ஊருக்குக் கொஞ்ச நாள் காது ஆறட்டும்" என்று மட்டும்தான் அவரிடம் சொன்னாள்.

அது இரண்டாயிரத்து மூன்றாம் வருசம். சண்டை நின்றுவிட்டது என்று இரு பக்கத்தாரும் ஒப்பந்தம் செய்திருந்தார்கள். வெளிநாட்டிலிருந்து ஆளாளுக்கு வந்து இறங்கினார்கள். ஒருவர் வந்து கிணறு தோண்டினார், ஒருவர் வந்து மூச்சு விடக் கற்றுக்கொடுத்தார், இன்னொருவர் வந்து எங்களை எண்ணிப் பார்த்துவிட்டுப் போனார். அந்த வரிசையில் ஒரு பல் டொக்டரும் வந்தார். பெயர் குலசிங்கம். திருகோணமலை ஓர்ஸ் ஹில்லில் பிறந்து, கலவரத்தோடு நோர்வேக்குப் போய், அங்கே பெரிய ஆளானவர். தாடை எலும்பிலேயே ஆணி இறக்கி, அந்த ஆணியில் கட்டுப்பல்லைக் கொளுவி விடுவாராம். பிறகு பல் கழலவும் மாட்டாது, துள்ளவும் மாட்டாதாம். ஒரேயொரு நிபந்தனை, பல் போரினால் போயிருக்க வேண்டும்.

"எனக்கு அப்பிடித்தானே போன" என்றார் அபூதாஹிர், கதிரையிலிருந்து எழும்பி.

நபீஸாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தொண்ணூறாம் வருசம் கருவாடு கட்டிக்கொண்டு தோப்பூர்ப் பக்கம் சைக்கிளில் போன மனிசன், முகம் வீங்கி, துவாயால் நாடியையும் தலையையும் சேர்த்துக் கட்டிக்கொண்டு வந்தார். சைக்கிளால் விழுந்துவிட்டேன் என்று அவர்தான் சொன்னார். அவளுக்கும் சொன்னார், ஊருக்கும் சொன்னார். பிறகு முன்பல் ஒவ்வொன்றாக ஆடி விழுந்தது. மிச்சத்தை வெற்றிலையும் சீனித் தேநீரும் பார்த்துக்கொண்டன. சண்டை நின்று, தேநீர்க் கடையில் எல்லோரும் தைரியமாகத் தங்கள் தங்கள் அடிகளைச் சொல்லத் தொடங்கிய பிறகுதான் இவருக்கும் ஒரு அடி ஞாபகம் வந்தது. துவக்குப் பிடியால் அடித்தார்களாம். யார் அடித்தது என்று கேட்டால் மட்டும் சொல்லமாட்டார். "துவக்கில பேர் எழுதியிருக்கல்ல" என்பார். சுறா வளர்ந்தது போல இந்தச் சைக்கிளும் துவக்காக வளர்ந்துவிட்டது என்று நபீஸா முடிவு கட்டினாள்.

"பொய் சொல்லி வாங்கின பல்லால ஓத ஏலுமா?" என்று கேட்டாள்.

"நீ வராட்டி நிண்டுகொள்."

அவள் நிற்கவில்லை. தனியே விட்டால் டொக்டரிடம் அந்தத் துவக்கை பீரங்கியாக்கி விடுவார் என்று கறுப்பு ஹபாயாவைப் போட்டுக்கொண்டு கிளம்பினாள். பாதையில் ஆற்றைக் கடந்தார்கள். கிண்ணியாவில் பாதை என்பது பஸ்ஸையும் ஆட்களையும் சேர்த்து ஏற்றி அக்கரைக்குக் கொண்டுபோகும் மிதவை. அக்கரையில் பஸ் ஏறி, சோதனைச் சாவடிகளில் இறங்கி நடந்து, மறுபடி ஏறி, ஓர்ஸ் ஹில்லில் டொக்டர் வாடகைக்கு எடுத்திருந்த வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தார்கள்.

விறாந்தையில் பல் இல்லாத சனம் வரிசையாக உட்கார்ந்திருந்தது. உப்புவெளியிலிருந்து வந்த ஒரு கிழவருக்கு ஷெல் சத்தத்தில் பல் கொட்டியிருந்தது. பக்கத்தில் இருந்த அம்மாவுக்கு ஹெலிக்கொப்டரைக் கண்ட பயத்தில். வயதினாலோ வெற்றிலையினாலோ பல் விழுந்த ஒருவரையும் அன்று அந்த விறாந்தையில் காணக் கிடைக்கவில்லை. நபீஸாவுக்கு வெட்கமாக இருந்தது. தன் ஆள் இவர்கள் எல்லோரையும் தூக்கி விழுங்கிவிடுவார் என்பதும் அவளுக்குத் தெரியும்.

டொக்டர் குலசிங்கம் நரைத்த தாடியோடு, சிரிக்கத் தெரிந்த மனிதராக இருந்தார். முதலில் விரலில் குத்திச் சீனி பார்த்தார்.

"சீனி வருத்தம் இருக்கோ?"

"இல்ல" என்றார் அபூதாஹிர்.

"இரிக்கி" என்றாள் நபீஸா.

"வெத்திலை?"

"எப்பவாச்சும்."

"இப்பவும் இரிக்கி டொக்டர், கொடுப்புக்குள்ள பாருங்க."

டொக்டர் பார்த்தார். இருந்தது. எடுத்துத் துப்பச் சொன்னார். ஆணி இறக்கினால் எலும்பு அதைப் பற்றிப் பிடிக்கப் பல மாதம் செல்லும், சீனி ஏறியிருந்தால் புண் ஆறாது, வெற்றிலையும் பீடியும் கூடாது, சொன்ன தவணைக்கு வரவேண்டும் என்று பொறுமையாக விளங்கப்படுத்தினார். அபூதாஹிர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். சாவடியில் நிற்கும்போது ஆட்டுகிற அதே தலையாட்டல்தான். கேட்கிறவன் என்ன பதிலை விரும்புகிறான் என்று முகத்தில் பார்த்து அதையே கொடுப்பது. இத்தனை வருசச் சண்டையில் இந்த மாவட்டத்துச் சனம் ஒரு பாடமாவது ஒழுங்காகப் படித்திருந்ததென்றால் அது இதுதான்.

"பல்லு வந்தா என்ன செய்ய விருப்பம்? எல்லாரும் இறைச்சி சாப்பிடவேணும் எண்டுதான் சொல்லுகினம்."

"எனக்கு இறைச்சி வேணாம் டொக்டர். கூறணும்" என்றார் அவர். முதல்தடவையாக யார் முகத்தையும் பார்க்காமல் வந்த பதில்.

"எங்க, கூறிக் காட்டுங்கோ. பல்லு எப்பிடி ஆடுதெண்டு பாப்பம்."

அவர் எழுந்து நின்றார். டொக்டரின் சாமான் தட்டை மீன் குவியலாக நினைத்துக்கொண்டு குரல் எடுத்தார். விறாந்தைச் சனம் எட்டிப் பார்த்தது. இரண்டாம் தரத்தில் கீழ்ப்பல் எழும்பியது. மூன்றாம் தரத்தில் அவர் உள்ளங்கைக்கு வந்துவிட்டது. யாரோ சிரித்தார்கள். நபீஸா திரும்பி அந்தப் பக்கம் ஒரு பார்வை பார்த்தாள், சிரிப்பு நின்றது. தன் மனிசனைப் பார்த்துச் சிரிக்க அவளுக்கு மட்டும்தான் உரிமை என்று அவள் எண்ணம்.

டொக்டர் கையுறை போட்டு, கீழ்த்தாடையை உள்ளும் புறமுமாக விரல்களால் தடவிக்கொண்டு போனார். இடது பக்கம் ஓரிடத்தில் விரல் நின்றது. திரும்பவும் தடவினார். "இந்தப் பல்லுகள் எப்பிடிப் போனது ஐயா?"

அபூதாஹிர் நிமிர்ந்து உட்கார்ந்து தொடங்கினார். சைக்கிள், கருவாடு, தோப்பூர் றோட்டு, மரத்தடியில் நின்றவர்கள், என்ன கொண்டு போகிறாய் என்று கேட்டது, துவக்கைத் திருப்பியது. கையையும் காலையும் ஆட்டி நல்லாகத்தான் சொன்னார். நபீஸாவால் பொறுக்க முடியவில்லை.

"டொக்டர், அல்லாஹ்வுக்காக ஒண்டு சொல்றன். இவர் சைக்கிளால விழுந்தவர். எனக்கிட்ட அப்பிடித்தான் சொன்னவர். இந்தத் துவக்கு நேத்துப் பிறந்த துவக்கு. ஏலாட்டி ஏலாண்டு சொல்லுங்க, நாங்க போறம்."

எதற்கும் பதில் வைத்திருக்கிற மனிசன் அன்று கையில் கிடந்த பல்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

டொக்டர் தான் கொண்டு வந்திருந்த மெசினில் தாடை முழுவதையும் எக்ஸ்ரே எடுத்தார். சற்று நேரத்தில் படத்தை வெளிச்சத்துக்குப் பிடித்து நபீஸாவைத்தான் பக்கத்தில் கூப்பிட்டார். படத்தில் கீழ்த்தாடை மெல்லிய வில்லாகக் கிடந்தது. இடது பக்கம், வேட்டைப்பல் இருந்த இடத்துக்கு நேரே, அந்த வில் உடைந்து கோணலாக ஒட்டியிருந்தது.

"அம்மா, இது பழைய முறிவு. நாடி அடிபட சைக்கிளால விழுந்தா பெரும்பாலும் காதடியிலதான் முறியும். இது பக்கத்தால கனமான சாமான் ஒண்டால அடிச்ச மாதிரித்தான் கிடக்கு. என்ன சாமான், ஆர் அடிச்சதெண்டு எலும்பு சொல்லாது. ஆனா அடி அடிதான். அந்த நேரம் கம்பியால கட்டியிருக்க வேணும். ஒருதரிட்டயும் காட்டேல்லப் போல. தானா ஒட்டியிருக்கு." பிறகு கேட்டார்: "அந்த நாளில இவர் என்ன சாப்பிட்டவர்?"

"கஞ்சி" என்றாள் நபீஸா.

சொன்ன பிறகுதான் அவளுக்கு அந்தக் கஞ்சி ஞாபகம் வந்தது. மாவுக்குத் தவம் கிடந்த காலம். கிடைத்த மாவில் அவள் சுட்டு வைத்த ரொட்டியை அவர் தொடவே இல்லை. தன் சமையலைத்தான் ஒதுக்குகிறார் என்று நினைத்தாள். "துரைக்கு ரொட்டி இறங்காதாம், கஞ்சி காய்ச்சி ஊத்தணுமாம்" என்று வேலிக்கு வேலி சொல்லிச் சிரித்தாள். வேண்டுமென்றே இன்னும் இறுக்கமாகச் சுட்ட நாளும் உண்டு. அதை நினைத்தபோது அவளுக்கு அந்த இடத்திலேயே உட்கார வேண்டும் போலிருந்தது. கதிரை இருந்தது, உட்கார்ந்தாள்.

டொக்டர் இப்போது அபூதாஹிரின் பக்கம் திரும்பினார். "ஐயா, நீங்கள் சொன்னதை நான் நம்புறன். ஆனா ஆணி வைக்க ஏலாது. ரெண்டு ஆணி, ரெண்டு வேட்டைப்பல் இருந்த இடத்திலயும் வைக்க வேணும். ஒண்டு சரியா இந்த முறிவுக்கு மேலதான் வருது. பல்லில்லாம எலும்பும் தேஞ்சு போச்சு. துளைச்சா திரும்ப முறியும்."

"முறிஞ்சா முறியட்டும் டொக்டர். ஒருக்கா ஒட்டின எலும்புதானே, இன்னொருக்கா ஒட்டும்."

"அப்ப உங்களுக்கு இவ்வளவு வயசில்லை, சீனியும் இல்லை. இனி ஒட்டாது."

"அப்ப மற்றப் பக்கம் ஒரு ஆணி?"

"ஒண்டில பல்லு நிக்காது, சுத்தும். இடுப்பெலும்பு எடுத்து இதில வைச்சுக் கட்டிறதெண்டால் அது பெரிய ஆஸ்பத்திரி வேலை, உங்கட சீனிக்கு நான் துணிய மாட்டன். நல்லதா ஒரு சாதாரண கட்டுப்பல் அளவெடுத்துச் செய்து தாறன். ஆறுதலாக் கதைக்கலாம், சோறு சாப்பிடலாம்."

"கூறலாமா?"

டொக்டர் இல்லையென்று தலையாட்டினார். அவருக்கும் அது கஷ்டமாகத்தான் இருந்தது. போரில் பல் போனவர்களுக்கென்று கடல் கடந்து வந்த ஆணி, போர் சரியாக அந்த இடம் பார்த்து அடித்திருந்ததால் உதவாமல் போயிற்று. ஒரு விரலளவு தள்ளி அடிக்கும் புத்தி அந்தத் துவக்குக்காரனுக்கு இருக்கவில்லை. ஷெல் சத்தத்தில் பல் கொட்டிய உப்புவெளிக் கிழவருக்கு எலும்பு தேக்கு மரம் போல இருந்ததாம், அவருக்கு அடுத்த கிழமை ஆணி வைப்பதென்று முடிவானது. நபீஸா அவரைச் சபிக்கக்கூட மறந்துபோனாள்.

திரும்பி வரும்போது பஸ்ஸால் இறங்கிப் பாதையில் ஏறிக் கம்பியோரம் நின்றார்கள். பாதை அசைந்து புறப்பட்டது.

"நாளைக்குத் தோணிக்காரர்ட்ட சொல்லிப் போடுவன். முனாப் கூறட்டும்" என்றார் அபூதாஹிர். "அவனும் நல்ல பொடியன்தான். கொஞ்சம் குரல் பத்தாது."

நபீஸா தண்ணீரைப் பார்த்துக்கொண்டு கேட்டாள். "ஊருக்குச் சைக்கிள் எண்டு சொன்னது சரி. எனக்கிட்ட ஏன் சொல்லல்ல? நான் என்ன, துவக்குக்காரனா?"

அவர் இந்த முறை கதை சொல்லும் குரலில் சொல்லவில்லை. "சொல்லியிருந்தா நீ அங்க போயிருப்பாய்."

"போகாம?"

"அதுதான். அந்தக் கிழமைதான் தோப்பூருக்கு இஞ்சால இருந்த பரீதா, காணாமப்போன மகனை எங்கெண்டு கேட்டு அந்தத் துவக்குக்காரங்களிட்டப் போன. இண்டைக்கு வரைக்கும் வரல்ல. நீ அவளை விட வாய்க்காரி."

போயிருப்பாள். அது நபீஸாவுக்கு நன்றாகத் தெரியும். அடுப்பில் இருந்ததை இறக்கிக்கூட வைக்காமல், அந்த மரத்தடிக்குப் போய், என் மனிசனை அடித்தவன் எவன் என்று கேட்டிருப்பாள். கேட்டு முடிக்க விட்டிருக்க மாட்டார்கள். உடைந்த தாடையோடு கஞ்சியைக் குடித்துக்கொண்டு, அவள் ஊரெல்லாம் சொல்லிச் சிரித்ததையும் கேட்டுக்கொண்டு, வாயே சொத்தாக இருந்த அந்த மனிசன் ஒரு சொல் பேசாமல் இருந்திருக்கிறார்.

அவள் அழுதாள். பிறகு கையை நீட்டி, அவருடைய நாடியில் இடது பக்கம், எலும்பு கோணலாக ஒட்டியிருந்த இடத்தைத் தேடித் தொட்டுப் பார்த்தாள். பாதையில் நின்ற சனமெல்லாம் பார்த்தது. "ஆக்கள் பாக்கிறாங்க புள்ள" என்றார் அவர். நபீஸா கையை எடுக்கவில்லை.